நிரம்பும் டேங்கில் அசையாத எண்: சேமிப்பு நிலையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெட்ரோல், டீசல், நாப்தா, ஆல்கஹால், அமிலம் என்று திரவங்களைப் பெரிய டேங்குகளில் சேர்த்து வைக்கும் நிலையங்களின் மேலாளர்களுக்கும், அவற்றின் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவிகளைப் பொருத்துவது, பழுது பார்ப்பது, காட்டுவது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, இதுதான் என் வேலை. உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். லெவல் கருவி வாங்க நீங்கள் தாராளமாகவே செலவு செய்கிறீர்கள். வாங்கிப் பொருத்திய கருவி இன்றைக்கும் உண்மையைத்தான் சொல்கிறதா என்று சோதிக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. அந்த நேரத்தைக் கொடுங்கள். சோதனைக்காக டேங்கை விட்டுத்தர வேண்டிய நாளில் விட்டுத்தாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்று புரிய, உங்களில் பலரும் கேள்விப்பட்டிருக்கும் ஒரு விபத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2005 டிசம்பர் 10, சனிக்கிழமை இரவு. லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஊரை ஒட்டிய பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில், 912 என்ற எண் கொண்ட டேங்கில் பைப்லைன் வழியாகப் பெட்ரோல் ஏற்றத் தொடங்கினார்கள். விடியற்காலை மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு அந்த டேங்கின் லெவல் கருவி சிக்கி நின்றுவிட்டது. பெட்ரோல் உள்ளே வந்துகொண்டே இருந்தது, திரையில் எண் மட்டும் அசையவில்லை. எண் ஏறாததால் அந்த எண்ணை வைத்து அடிக்க வேண்டிய அலாரம் எதுவும் அடிக்கவில்லை. டேங்கின் உச்சியில் தனியாக ஒரு ஹை லெவல் ஸ்விட்ச் இருந்தது. பெட்ரோல் அதைத் தொட்டால் வரத்தை நிறுத்த வேண்டியது அது. அதுவும் வேலை செய்யவில்லை. ஐந்தரை மணிக்கு மேல் டேங்க் வழிந்தது. காற்றில்லாத, குளிர்ந்த விடியல். கூரையிலிருந்து கொட்டிய பெட்ரோல் ஆவியாகித் தரையோடு தரையாகப் பரவியது. 6 மணி 1 நிமிடத்துக்கு வெடித்தது. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வழிந்திருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பக்கத்துத் தொழிற்பேட்டை ஞாயிற்றுக்கிழமை விடியலில் காலியாக இருந்ததால் ஒரு உயிரும் போகவில்லை. அதே வெடிப்பு மறுநாள் வேலை நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே உடம்பு பதறுகிறது.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாதவை இரண்டு விவரங்கள்.

ஒன்று, அந்த லெவல் கருவி சிக்கியது அன்றைக்கு முதல் தடவை அல்ல. பராமரிப்பு முடிந்து டேங்க் மறுபடி பயன்பாட்டுக்கு வந்த ஆகஸ்ட் 31 முதல் விபத்து நாள் வரை அது 14 முறை சிக்கியிருந்தது. சில நேரம் ஷிப்டில் இருந்தவர்களே கருவியை மேலே தூக்கி மறுபடி இறக்கிச் சரிசெய்துகொண்டார்கள். சில நேரம் ஒப்பந்த நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். ஏன் சிக்குகிறது என்று கடைசிவரை யாரும் அடி வரை போய்ப் பார்க்கவில்லை.

இன்னொன்று அந்த ஸ்விட்ச். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நெம்புகோல் உண்டு. சோதனை முடிந்ததும் நெம்புகோலை நடு நிலைக்குக் கொண்டுவந்து ஒரு பூட்டு மாட்டி அங்கேயே நிறுத்த வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் கீழே சரிந்துவிடும், ஸ்விட்ச் செயலிழந்துவிடும். பூட்டு எதற்கு என்பது அதைப் பொருத்தியவர்களுக்கும் சொல்லப்படவில்லை, பயன்படுத்தியவர்களுக்கும் தெரியவில்லை. யாரும் கை வைக்காமல் இருக்கத்தான் பூட்டு என்று நினைத்து மாட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒரு சின்னப் பூட்டு அங்கே மாட்டியிருந்தால் வரத்து நின்றிருக்கும்.

இரண்டுமே அபூர்வமான கோளாறுகள் இல்லை. ஒரு டேங்க் ஃபார்மில் வேலை பார்க்கும் எந்த இன்ஸ்ட்ருமென்ட் ஆளைக் கேட்டாலும் அடிக்கடி சிக்கும் ஒரு கருவியின் அடையாள எண்ணை, அதாவது டேக் நம்பரை, யோசிக்காமல் சொல்வார். அந்த நம்பர் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு எளிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பம்ப் ஓடுகிறது, இன்லெட் வால்வு திறந்திருக்கிறது, ஆனால் லெவலை நேரத்தோடு வரைந்து காட்டும் டிரெண்டில் கோடு படுத்துக் கிடக்கிறது என்றால் டேங்க் அமைதியாக இருக்கிறது என்று பொருள் கிடையாது, கருவி செத்துவிட்டது என்று பொருள். நிரம்பும் டேங்கின் கோடு சாய்ந்து மேலே போக வேண்டும். நன்றாக வேலை செய்யும் கருவியில் திரவப் பரப்பின் அசைவால் கோட்டில் சின்னச் சின்ன நடுக்கமும் இருக்கும். அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு வந்தால் கன்ட்ரோல் ரூமில் திரையைக் கவனிக்கும் அனுபவமுள்ள போர்டு ஆபரேட்டருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் அவர் ஒரே திரையில் பல டேங்குகளின் பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பன்ஸ்ஃபீல்டில் அப்படித்தான். ஆகவே, 'வால்வு திறந்திருக்கிறது, லெவல் அசையவில்லை' என்று கணினியே கத்தும்படி ஒரு அலாரம் வையுங்கள். வரும் ஃப்ளோவையும் ஏற வேண்டிய லெவலையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் எச்சரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் இதற்குப் புதுக் கருவியே வேண்டாம், இருக்கும் சிஸ்டத்தில் ஒரு புரோகிராமர் உட்கார்ந்து எழுதினால் போதும். இவ்வளவு எளிதான வேலை ஏன் பல நிலையங்களில் இன்னும் நடக்கவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை.

அடுத்தது, 'எங்களிடம் ஹை அலாரம் இருக்கிறது, ஹை ஹை அலாரமும் இருக்கிறது' என்று நீங்கள் சொல்வது. ஹை என்பது முதல் எச்சரிக்கை மட்டம், ஹை ஹை அதற்கும் மேலே உள்ள மட்டம். சரி, அவை எங்கிருந்து வருகின்றன என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் லெவல் எண், ஹை, ஹை ஹை மூன்றுமே ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து, அதாவது லெவலை அளந்து திரைக்கு அனுப்பும் ஒரே கருவியிலிருந்து, வருபவை. அந்த டிரான்ஸ்மிட்டர் 9 மீட்டரில் நின்றுவிட்டால் ஹை அலாரமும் ஹை ஹை அலாரமும் 9 மீட்டரையேதான் பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் மூன்று வரி இருந்தாலும் டேங்கைப் பார்ப்பது ஒரு கண்தான். வழிவதைத் தடுக்கும் கருவிக்குத் தனி சென்சார், தனி வயரிங், முடிந்தால் வேறு தத்துவத்தில் இயங்கும் கருவி வேண்டும். பெட்ரோலிய டேங்குகள் வழிவதைத் தடுப்பது பற்றிய ஏபிஐ 2350 தரநிலையும், பாதுகாப்புக் கருவி அமைப்புகளுக்கான ஐஇசி 61511 தரநிலையும் வலியுறுத்துவது இந்தப் பிரிவினையைத்தான். அவை உங்கள் அலமாரியில் இருக்கும். டேங்க் வாரியாக வயரிங் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

கருவியே கோளாறில்லாமல் இருந்தும் எண் பொய்யாகும் விதங்கள் இருக்கின்றன. நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இந்தப் பொய்கள் பெரும்பாலும் உங்கள் முடிவுகளிலிருந்து பிறப்பவை.

அழுத்தத்தை வைத்து லெவல் காட்டும் டிபி டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு லெவல் தெரியாது, அடியில் விழும் எடைதான் தெரியும். எடையை அடர்த்தியால் வகுத்து உயரம் என்று சொல்கிறது. டீசலுக்காக, ஒரு கன மீட்டருக்கு 840 கிலோ என்று கேலிப்ரேட் செய்த, அதாவது கருவியின் கணக்கை அமைத்த, டேங்கில், வியாபார அவசரத்துக்காக 740 கிலோ அடர்த்தியுள்ள பெட்ரோலை ஏற்றச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே 12 மீட்டர் பெட்ரோல் நிற்கும்போது திரை 10.57 மீட்டர் என்று காட்டும். கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் காணாமல் போகிறது, அதுவும் ஆபத்தான பக்கமாக. கருவியைக் கழற்றிச் சோதித்தால் ஒரு குறையும் இருக்காது. சரக்கை மாற்றிய தகவல் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்கு வராததுதான் குறை.

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அங்கே நிரம்பி வழிந்தது சேமிப்பு டேங்க் அல்ல, 50 மீட்டர் உயரமுள்ள ஒரு பிரிப்புக் கோபுரம். ஆனால் லெவல் கருவி செய்தது இதேதான். அதன் கேலிப்ரேஷன் பழைய அடர்த்திக் கணக்கில் இருந்தது, கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டும்தான் அது அளக்கும். கோபுரம் நிரம்பிக்கொண்டிருந்தபோது திரையில் லெவல் மெல்ல இறங்குவதாகத் தெரிந்தது. தனியாக இருந்த ஹை லெவல் ஸ்விட்சும் அடிக்கவில்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் லெவலைக் கண்ணால் பார்க்க வைத்த கண்ணாடியான சைட் கிளாஸ் உள்ளே படிந்த அழுக்கால் தெரியாத நிலையில் இருந்தது. மூன்று இடத்தில் மூன்று கோளாறு, மூன்றுமே முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடியவை.

'அதனால்தான் ரேடார் வாங்கிவிட்டோமே' என்பீர்கள். ரேடார் நல்ல கருவி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சரக்கைக் கைமாற்றும்போது அளவுக்கணக்குக்குப் பயன்படும் ரேடார் பல பத்து மீட்டர் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சொல்கிறது. மேலிருந்து அலையை அனுப்பி, திரவப் பரப்பில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து அது லெவலைக் கணக்கிடுகிறது. அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் லெவல் மாறினால் போய்வரும் நேரத்தில் வரும் வித்தியாசம் 7 பிக்கோ நொடிகூட இல்லை (பிக்கோ நொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). இதை ஒரு டேங்கின் கூரையில், வெயிலிலும் மழையிலும், ஆண்டுக்கணக்கில் ஒரு கருவி அளக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான். ஆனால் அதற்கும் தேவைகள் உண்டு. ஸ்டில்லிங் பைப்புக்குள், அதாவது டேங்குக்குள் நேராக நிறுத்திய குழாய்க்குள், வைத்தால் பைப்பின் உள்விட்டத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பைப்புக்குள் அலையின் வேகம் விட்டத்தைப் பொறுத்து மாறும். பைப்பில் மேலிருந்து கீழ்வரை துளைகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே கனமான சரக்கும் பைப்புக்குள் பழைய லேசான சரக்குமாக இரண்டு லெவல் நிற்கும். ஆன்டெனாவில் சரக்கு படிந்தால் எதிரொலி மங்கும். கருவியைப் பொருத்தும் குழாய்வாயான நாசிலில் வெல்டிங் பிசிறு இருந்தால் பொய் எதிரொலி வரும். நுரை வந்தால் சில சரக்குகளில் எதிரொலியே வராது. எதிரொலியைத் தொலைத்த ரேடார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது கோளாறு என்று அறிவிக்கலாம். வரத்து இருக்கும் டேங்கில் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி விட்டால், பல லட்சம் கொடுத்து வாங்கிய ரேடாரும் பன்ஸ்ஃபீல்டின் சிக்கிய கருவியும் ஒன்றுதான். உங்கள் டேங்குகளில் அந்த அமைப்பு எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். பதில் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகக்கூடாது. ஆனால் ஒரு நாள் ஆகும் நிலையங்கள் நிறைய.

மீயொலி, கெபாசிடன்ஸ், ஃப்ளோட், சர்வோ என்று மற்றவற்றையும் இப்படியே விரித்துச் சொல்லலாம். மீயொலிக் கருவிக்கு டேங்குக்குள் இருக்கும் ஆவியே எதிரி, ஆவியின் அடர்த்தியும் வெப்பமும் மாறினால் ஒலியின் வேகம் மாறிவிடும். ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்தால் ஆழமாக மிதக்கும், டேப் சக்கரத்தில் சிக்கும். போதும், விஷயம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இனி நேரக் கணக்கு. 40 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 1,257 லிட்டர். கணக்குப் பிரிவு இந்த எண்ணுக்காகத்தான் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சண்டை போடுகிறது, அது நியாயம்தான். அதே டேங்கில் மணிக்கு 1,000 கன மீட்டர் வேகத்தில் ஏற்றினால் லெவல் நிமிடத்துக்கு 13 மில்லிமீட்டர் ஏறும். ஹை ஹை அலாரத்துக்கும் வழியும் மட்டத்துக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் விட்டிருந்தால் ஆபரேட்டருக்குக் கிடைப்பது 11 நிமிடம். அந்த 11 நிமிடத்தில் அவர் அலாரத்தைக் கவனிக்க வேண்டும், உண்மையா பொய்யா என்று முடிவுசெய்ய வேண்டும், ஃபீல்டு ஆபரேட்டரை வயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டும், அனுப்பும் நிலையத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும், வால்வு மூட வேண்டும். பெரிய மோட்டார் வால்வைச் சட்டென்று மூடினால் பைப்லைனில் அழுத்தம் எகிறும் என்பதால் மெதுவாகத்தான் மூட முடியும். மூட மூன்று நிமிடம் ஆகிறது என்றால் அதற்குள்ளேயே 50,000 லிட்டர் வரை உள்ளே வந்துவிடும். 15 மீட்டர் விட்டமுள்ள சின்ன டேங்காக இருந்தால் அது 28 சென்டிமீட்டர். விட்டிருந்த இடைவெளி முழுவதும் போய், அதற்கு மேலும் போய்விடும்.

அலாரம் மட்டங்களை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே ஒரு மட்டம் வைத்து, அங்கிருந்து உச்சிவரை போக ஆகும் நேரத்தையும், நிறுத்த நிஜமாக ஆகும் நேரத்தையும் ஒப்பிட வேண்டும். 'நிஜமாக' என்பதற்கு அழுத்தம் கொடுக்கிறேன். ஒரு இரவு ஷிப்டில், முன்னறிவிப்பில்லாமல், அலாரம் வந்ததிலிருந்து ஃப்ளோ பூஜ்யம் ஆகும்வரை கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். அப்புறம் பம்பின் வேகத்தைக் கூட்டினால், பக்கத்து டேங்க் மூடியதால் இந்த டேங்குக்கு வரத்து கூடினால், கணக்கை மறுபடி போடுங்கள். பன்ஸ்ஃபீல்டில் வழிந்துகொண்டிருந்த கடைசி நிமிடங்களில் அந்த டேங்குக்கு வரும் வேகம் இன்னும் கூடியது. கொள்ளளவைக் கூட்டச் சொல்லி அலாரம் மட்டத்தை மேலே நகர்த்தும் உத்தரவில் கையெழுத்துப் போடுமுன் இந்த நிமிடக் கணக்கையும் ஒரு தாளில் வாங்கிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். பெட்ரோல் ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. 15 மீட்டர் நிற்கும் டேங்கில் ஐந்து டிகிரி கூடினால் ஏழரை சென்டிமீட்டர் ஏறிவிடும், ஒரு சொட்டும் உள்ளே வராமலே.

இப்போது சோதனை. என் கோரிக்கையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல நிலையங்களில் ஹை லெவல் ஸ்விட்சை 'சோதித்தாயிற்று' என்று எழுதுவதன் பொருள், கருவியின் தலையில் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கி, கன்ட்ரோல் ரூமில் விளக்கு எரிந்ததா என்று பார்த்தார்கள் என்பதுதான். அந்தப் பட்டன் சோதிப்பது எலெக்ட்ரானிக்ஸையும் வயரையும். திரவத்தைத் தொட வேண்டிய, முள்கரண்டி போன்ற சென்சார் நுனியான ஃபோர்க்கில் கெட்டிப்பட்ட சரக்கு அப்பியிருந்தாலும் பட்டன் பாஸ் சொல்லக்கூடும். ஃப்ளோட் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பாஸ் ஆகக்கூடும். உண்மையான சோதனை என்றால் திரவம் வந்து சென்சாரைத் தொட வேண்டும். டேங்கை மிகுந்த கட்டுப்பாட்டோடு அந்த மட்டம் வரை கொண்டுபோவது எப்போதும் பாதுகாப்பானது அல்ல, அதைச் செய்யச் சொல்லவில்லை. சென்சாரைக் கழற்றிப் பாத்திரத்தில் உள்ள திரவத்தில் முக்கலாம். தனி அறையில் பொருத்திய ஸ்விட்சாக இருந்தால் அந்த அறையை மட்டும் நிரப்பலாம். எப்படியானாலும் சென்சாரில் தொடங்கி, வரத்தைத் தானாக நிறுத்தும் டிரிப் ரிலே, வால்வு மூடி முடிவது வரை முழுச் சங்கிலியும் ஓட வேண்டும். நேரத்தைக் குறிக்க வேண்டும். முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வந்ததா, டிரிப்பைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைத்த பைபாஸ் எடுக்கப்பட்டதா, நெம்புகோல் பூட்டப்பட்டதா என்று இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இதற்கு ஒரு டேங்குக்கு அரை நாளாவது ஆகும். கூரைக்கு ஏற அனுமதி, கேஸ் டெஸ்ட், மேலே இரண்டு பேர், கன்ட்ரோல் ரூமில் ஒருவர், அனுப்பும் நிலையத்தோடு ஒருங்கிணைப்பு. அந்த நேரத்தில் அந்த டேங்குக்குச் சரக்கு வராது. இங்கேதான் இடிக்கிறது. 'கப்பல் வருகிறது, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்பார்கள். அடுத்த வாரம் வேறொரு கப்பல் வரும். ஆடிட் நெருங்கும்போது பட்டன் அமுக்கப்படும், படிவம் நிரப்பப்படும். படிவத்தை நிரப்புபவரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு டேங்கை நிறுத்தும் அதிகாரம் கிடையாது. அது உங்களுக்குத்தான் இருக்கிறது.

கையால் டிப் எடுப்பவரை, அதாவது டேப்பை இறக்கி லெவலை நேரில் அளப்பவரை, பற்றியும் சொல்லியாக வேண்டும். கருவியில் சந்தேகம் வந்தால் கடைசியில் நாம் நம்புவது அவரைத்தான். சுருள் படி ஏறி, காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, கூரையில் உள்ள அளவுத் திறப்பான ஹாட்சைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை மெதுவாக இறக்குகிறார். குண்டு அடித்தட்டைத் தொட்டதும் கைக்கு ஒரு சின்ன இடி தெரியும். அதற்கு மேல் டேப்பை விட்டால் குண்டு சாய்ந்து ரீடிங் கூடிவிடும். பெட்ரோல் ஈரம் காற்றில் நொடியில் காய்ந்துவிடும் என்பதால், கோடு விழ வேண்டிய இடத்தில் முன்கூட்டியே ஒரு பசையைத் தடவியிருப்பார். டேப்பை எடுத்து, பசை நிறம் மாறிய விளிம்பைப் படிப்பார். ஒரு ரீடிங்கோடு நிறுத்த மாட்டார், மறுபடி இறக்குவார், இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவார். இவ்வளவு கவனமான வேலையை, 'சீக்கிரம் ரீடிங்கைச் சொல்லு' என்று வயர்லெஸ்ஸில் விரட்டிக்கொண்டே வாங்குகிறோம்.

அந்த ஹாட்ச் வழியாக வரும் ஆவி ஆளைக் கொல்லும். கச்சா எண்ணெய் டேங்க் ஹாட்சுகளைத் திறந்து அளந்தபோதோ மாதிரி எடுத்தபோதோ 2010 முதல் 2014 வரை அமெரிக்காவில் ஒன்பது தொழிலாளர்கள் இறந்ததாக, அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் 2016ல் எச்சரிக்கை வெளியிட்டன. ஹைட்ரோகார்பன் ஆவி செறிந்து ஆக்சிஜன் குறைந்த காற்றை இரண்டு மூன்று மூச்சு இழுத்தாலே ஆள் சுருண்டு விழலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் இன்னும் மோசம். செறிவு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாமல் போகும். நிலைமின்னூட்டத்தால் தீப்பொறி வரும் ஆபத்து வேறு. பெரிய டேங்கில் ஏற்றி முடித்த கையோடு டேப்பை இறக்கக் கூடாது, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பது இதற்காகத்தான். அந்த 30 நிமிடத்தைக் குறைக்கச் சொல்லி யாரும், எந்த அவசரத்திலும், அவரை நெருக்கக் கூடாது. மூடிய முறையில் அளக்க வழி உள்ள டேங்குகளில் அன்றாடக் கணக்குக்காக ஆளை மேலே அனுப்புவதை நிறுத்துங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், பகலில், இரண்டு பேராக, கேஸ் டிடெக்டரோடு அனுப்புங்கள்.

ஆள் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. 2009 அக்டோபர் 23 நள்ளிரவுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவின் பயமோன் நகரில் ஒரு எண்ணெய்க் கிடங்கு வெடித்தது. கப்பலிலிருந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டேங்கின் லெவலைக் கணினிக்கு அனுப்ப வேண்டிய கருவி கெட்டுக் கிடந்தது. அதனால் பக்கவாட்டு கேஜை ஆட்கள் அவ்வப்போது போய்ப் படித்து, எத்தனை மணிக்கு நிரம்பும் என்று கையால் கணக்குப் போட்டார்கள். தனியான ஹை லெவல் அலாரமே கிடையாது. கணக்குப் போட்ட நேரத்துக்கு முன்பே டேங்க் நிரம்பி வழிந்தது. 48 டேங்குகளில் 17 எரிந்து சேதமாயின, தீயை அணைக்க ஏறக்குறைய 60 மணி நேரம் ஆனது. அங்கே வேலை பார்த்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. கருவி செய்ய வேண்டிய வேலையை அவர்கள் நடந்து நடந்து செய்துகொண்டிருந்தார்கள். கெட்ட கருவிக்குப் பதிலாக ஆளை நிறுத்துவது ஒரு நாள் இரண்டு நாள் ஏற்பாடாக இருக்கலாம். அதுவே வழக்கமாகிவிட்டால் அது நிர்வாகம் எடுத்த முடிவு, எழுத்தில் இல்லாவிட்டாலும்.

ஆகவே ஒரு விதியை எழுத்தில் கொடுங்கள். லெவல் கருவி சிக்கினால், அல்லது கருவியும் டிப்பும் ஒத்துவராவிட்டால், அந்த டேங்குக்கு வரத்து நிற்கும். மறுபடி தொடங்க இன்ஸ்ட்ருமென்ட் பிரிவின் கையெழுத்து வேண்டும். ஒரே கருவி மீண்டும் சிக்கினால் தட்டிக் கொட்டி ஓட்டக் கூடாது, காரணம் கண்டுபிடிக்கும்வரை டேங்கைத் தொடக் கூடாது. அப்புறம், நிறுத்தும் உரிமையைப் போர்டு ஆபரேட்டரிடமே கொடுங்கள். ஷிப்ட் இன்சார்ஜைக் கேட்டு, அவர் மேலாளரை எழுப்பி, மேலாளர் அனுப்பும் நிலையத்தோடு பேசி முடிவெடுக்க 11 நிமிடம் போதாது. சந்தேகத்தில் நிறுத்தி, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால், 'எதற்காக நிறுத்தினாய்' என்று மறுநாள் காலையில் அவரை யாரும் கேட்கக் கூடாது. ஒரு தடவை அப்படிக் கேட்டுவிட்டால் அந்த நிலையத்தில் வேறு எந்த ஆபரேட்டரும் அதற்குப் பிறகு நிறுத்த மாட்டார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு டேங்கிலும் ஹை லெவல் சங்கிலியை முழுமையாக, சென்சார் நனைந்து, கடைசியாகச் சோதித்த தேதி ஒன்று. கடந்த ஓராண்டில் சிக்கிய, எண்ணைத் தொலைத்த, டிப்போடு ஒத்துவராத கருவிகளின் பட்டியல் ஒன்று. இன்றைக்கு பைபாஸில் இருக்கும் டிரிப்புகளின் பட்டியல், யார் எப்போது எதற்காகப் போட்டார் என்பதோடு, இன்னொன்று. முதல் தாளில் தேதிக்குப் பதில் வெற்றிடம் இருந்தால் அந்த டேங்கை எப்போது விட்டுத்தருகிறீர்கள் என்று அதே கூட்டத்தில் நாள் குறித்துவிடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு, இந்தக் கருவிகளைக் கையால் தொட்டு வேலை பார்க்கும் ஒருவரையாவது கூப்பிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்